சம்பளம் வாங்காவிட்டால் வேலை இல்லையா? தோட்டப் பட்டணத்துக்கு வரும் வெளிநாட்டுத் தொண்டூழியர்களும் அவர்களை அழைப்பவர்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு கிளம்பும். கனடாவிலோ இங்கிலாந்திலோ பிறந்து வளர்ந்த உறவுப் பிள்ளை, படிப்பை முடித்த கையோடு, "மூன்று மாதம் வந்து தங்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்கும். கோயில் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் ஓர் அறை காலி. வேறென்ன வேண்டும் என்று ஆலய நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மளமளவென்று ஏற்பாட்டில் இறங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து, வருகை அனுமதியில் வந்து வேலை செய்தவர்கள் குடிநுழைவுத் துறையின் சோதனையில் பிடிபட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வரும். உடனே கலக்கம். ஒரு காசு வாங்காதவரையும் பிடிப்பார்களா? தங்க இடம் கொடுத்தவர் மேலும் வழக்கு வருமா? "நாம் என்ன திருட்டு வேலையா செய்கிறோம்" என்று ஒருவர் சொல்வார்; "எதற்கு வம்பு" என்று இன்னொருவர் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு பேருக்குமே விஷயம் முழுதாகத் தெரிந்திருக்காது.

சம்பளம் உண்டா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான். வந்தவர் கையில் இருக்கும் அனுமதி எதற்காகத் தரப்பட்டது என்பதே முதல் கேள்வி. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு

1. விசா. மலேசியாவின் வாசலுக்கு வருவதற்கான முன்-ஒப்புதல் இது. பல நாட்டுக் கடப்பிதழ்களுக்கு இது தேவையில்லை. இந்தியக் குடிமக்களுக்கும் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரையிலான வருகைக்கு விசா விலக்கு உண்டு. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

2. பாஸ். உள்ளே நுழைந்தபின் தங்கியிருப்பதற்கான அனுமதி. விசா வேண்டாம் என்றாலும் பாஸ் இல்லாமல் யாரும் தங்க முடியாது. சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் வருபவருக்கு நுழைவாயிலில் தரப்படுவது சமூக வருகை அனுமதி. பிரிட்டன், கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா கடப்பிதழ்களுக்குப் பொதுவாக 90 நாள். இந்தியர்களுக்கு 30 நாள்.

3. தொழில்முறை வருகை அனுமதி. 'பாஸ் லாவாத்தான் இக்திசாஸ்' என்று மலாயில் சொல்வது இதைத்தான். நிபுணர், ஆராய்ச்சியாளர், தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவர், சமயப் பணியாளர் போன்றவர்கள் குறுகிய காலம் இங்கே பணியாற்றுவதற்கு. அதிகபட்சம் 12 மாதம். முறையான தொண்டூழியத்துக்கும் பொருத்தமான வழி இதுதான்.

4. ஆதரவாளர். வருபவருக்காக இங்கே பொறுப்பேற்று விண்ணப்பம் செய்யும் அமைப்பு. பதிவு பெற்ற சங்கமோ நிறுவனமோ கல்விக்கூடமோ இந்த இடத்தில் நிற்க வேண்டும். சித்தப்பா நல்லவர்தான், ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவர்தான்; ஆனால் சித்தப்பா ஓர் அமைப்பு அல்ல.

இரண்டாவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடப்பிதழில் குத்தப்படும் முத்திரையில், மேற்கு மலேசியாவிலும் சபாவிலும் இத்தனை நாள் தங்கலாம் என்றும் நுழைந்த தேதியும் இருக்கும். சரவாக்குக்குத் தனிக் கணக்கு. இப்போது பல நாட்டவர்கள் விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியாகவே வந்துவிடுவதால் முத்திரை இல்லாமலும் போகலாம்; அப்படி வந்தவர்கள் நுழைந்த தேதியைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். 90 நாள் என்பதை மூன்று மாதம் என்று வாய்வழக்கில் சொல்கிறோம், அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜூலை 1-ஆம் தேதி நுழைந்தவருக்கு நுழைந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 90-ஆவது நாள் செப்டம்பர் 28. செப்டம்பர் 30-க்கு விமானச்சீட்டு போட்டவர் சட்டப்படி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியவர் ஆகிறார்.

காசா, காரியமா?

சமூக வருகை அனுமதியில் வந்தவர் அந்த அனுமதியின் நோக்கத்துக்குள் நடந்துகொள்ள வேண்டும். அனுமதியின் நிபந்தனையை மீறுவது 1963-ஆம் ஆண்டு குடிநுழைவு விதிமுறைகளின் 39(பி) பிரிவின் கீழ் குற்றம். 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோதனைச் செய்திகளில் அடிக்கடி வரும் பிரிவு எண் இதுதான். அபராதத் தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் அனுமதி ரத்தாகி, தடுப்பு முகாமில் நாள் கடத்தி, நாடு கடத்தப்பட்டு, மறுபடி நுழையத் தடைப்பட்டியலில் பெயர் ஏறுவது அந்த 1,000 வெள்ளியைவிடப் பெரிய தண்டனை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு, பின்னாளில் எந்த நாட்டு விசாப் படிவத்திலும் "இதற்கு முன் நாடு கடத்தப்பட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதவேண்டிய நிலை வரும்.

அப்படியானால் சோதனைக்கு வரும் அதிகாரி எதைப் பார்ப்பார்? வழக்கமாக நடக்கும் ஏற்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத்து வாசலில் ஒரு பேனர்: 'இலவச ஆங்கில வகுப்பு, திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 3 மணி முதல் 5 மணி வரை, ஆசிரியர்: டொரொண்டோவிலிருந்து வருகை தரும் இன்னார்.' நிர்வாகத் தலைவர் படம் இடது மூலையில், தொகுதிப் பிரமுகர் படம் வலது மூலையில், நடுவில் பிள்ளையின் படம். மண்டபத்துக்குள் வெள்ளைப் பலகை, வருகைப் பதிவேடு, கால அட்டவணை. அதே படங்கள் கோயிலின் பேஸ்புக் பக்கத்திலும். விளம்பரம் என்று நாம் நினைத்து ஒட்டியதெல்லாம், வழக்கு என்று வந்தால், நாமே எழுதிக்கொடுத்த வாக்குமூலம். பதவி, நேரம், இடம், வேலை நான்கும் அதில் இருக்கின்றன. சம்பளம் இல்லை என்பது மட்டும்தான் நம் பக்கம்.

அந்த ஒன்றையும் பல நேரம் நாமே கெடுத்துக்கொள்கிறோம். மூன்று மாதம் முடிந்ததும் பிரியாவிடை நடத்தி, மாலை போட்டு, ஓர் உறையில் 500 வெள்ளி வைத்து மேடையில் கொடுத்துப் படம் பிடிப்பது நம் வழக்கம். மனசு நிறைந்து கொடுப்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கூலி. இலவச அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மோட்டார், பெட்ரோல் எல்லாம் வேலைக்கு ஈடாகத் தரப்பட்டவை என்று வாதிடவும் இடமுண்டு.

எது பாதகமில்லை, எது சிக்கல் என்பதை இப்படி வரிசைப்படுத்தலாம்:

1. உறவினர் வீட்டில் தங்குவது, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, கோயில் திருவிழாவில் பால்குடம் எடுப்பது, அன்னதானப் பந்தியில் பரிமாறுவது: வருகையாளர் செய்யக்கூடியவைதான்.

2. ஒரே ஒரு நாள் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளோடு பேசவைப்பது: பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே கல்வி இலாகாவிடம் ஒப்புதல் பெற வேண்டும்.

3. பெயர் போட்டு, நேரம் குறித்து, வாரக்கணக்கில் வகுப்பு நடத்துவது: உரிய அனுமதி வேண்டும். இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

4. உள்ளூர்க்காரர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை, அதாவது கடையில் நிற்பது, கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பது, பாலர் பள்ளியில் ஆசிரியருக்குப் பதிலாக நிற்பது: காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேண்டவே வேண்டாம்.

கலை நிகழ்ச்சிகளுக்குத் தனி வழி. தமிழ்நாட்டிலிருந்து பாடகரையோ நடனமணியையோ மேடையேற்ற விரும்பும் ஏற்பாட்டாளர், வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் புஸ்பால் என்ற அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். குருக்களையும் சிற்பிகளையும் தருவிப்பது நம் ஆலயங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதற்கு அலையும் அதே நிர்வாகங்கள், ஆங்கிலம் கற்பிக்க வரும் பிள்ளைக்கு மட்டும் ஒரு கடிதம்கூட எழுதாமல் இருப்பதுதான் புரியாத புதிர்.

அழைத்தவர் தலையில் விழுவது

வந்தவர் பிடிபட்டால் திரும்பிப் போய்விடுவார். இங்கேயே இருக்கப்போவது அழைத்தவர்கள். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் அவர்களைக் குறிவைக்கும் பிரிவுகள் கடுமையானவை.

1. உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பது, பிரிவு 55பி. ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2. காலம் கடந்து தங்குவது, பிரிவு 15. தங்கியவருக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

3. சட்டத்தை மீறியவர் என்று தெரிந்தும் அடைக்கலம் கொடுப்பது, பிரிவு 56(1)(டி). இங்கே அபராதம் 10,000 முதல் 50,000 வெள்ளி வரை. அதோடு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு வரை பிரம்படியும் சட்டத்தில் இருக்கின்றன.

மூன்றாவதில் 'தெரிந்தும்' என்பது முக்கியம். நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலும் அது தெரிந்ததாகவே கொள்ளப்படும். 90 நாள் முடிந்தபின்னும் அந்தப் பிள்ளை நம் வீட்டு அறையில்தான் தூங்குகிறது என்றால், தெரியாது என்று சொல்ல முடியாது. இதனால்தான் அனுமதி முடியும் தேதி வந்தவருக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

காலம் முடிவதற்குள் எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் பெத்தோங்கோ ஹாட்யாயோ போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தால் மறுபடி 90 நாள் கிடைக்கும் என்ற யோசனை எப்போதும் உலாவிக்கொண்டிருக்கும். அப்படிக் கிடைத்தவர்களும் உண்டு. ஆனால் எல்லையில் எத்தனை நாள் தருவது, தருவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்த நேரத்து அதிகாரியின் முடிவு. உரிமையாகக் கேட்டு வாங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதை நம்பி ஆறு மாத வகுப்புக்கு அட்டவணை போடக்கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "தொலைந்துவிடப் போகிறது, கொடு" என்று வந்தவரின் கடப்பிதழை வாங்கி வீட்டுப் பெரியவர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் மற்றவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் குற்றம்; 10,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ வரலாம். செம்பனைத் தோட்டங்களில் அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழை முதலாளிகள் பிடித்துவைக்கிறார்கள் என்று குறை சொல்கிற நாமே அதைச் செய்யலாமா? சோதனையில் நிறுத்தப்பட்டவரிடம் அசல் கடப்பிதழ் இல்லாவிட்டால் நிலையம்வரை போய்வர வேண்டியிருக்கும்.

அத்தாட்சியைக் கையோடு வைத்திருக்கும் பழக்கத்துக்கு இந்தப் பட்டணத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிரகடனம் ஆனது. மலாயாவில் அடையாள அட்டை வந்தது அந்த அவசரகாலத்தின் விளைவாகத்தான். பத்திரம் இல்லாமல் திண்டாடியவர்களும் குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடே காலம் தள்ளியவர்களும் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். தாளின் அருமையை இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்டபத்து வகுப்பும் கல்விச் சட்டமும்

குடிநுழைவு ஒரு பக்கம். கற்பித்தல் என்று வந்தால் 1996 கல்விச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பலரைத் தொடர்ந்து கற்பிக்கும் இடம் கல்வி நிலையம் என்ற வரையறைக்குள் வரும். அதற்குப் பதிவு வேண்டும், அதில் கற்பிப்பவருக்கு ஆசிரியர் பதிவோ கற்பிக்கும் அனுமதியோ வேண்டும். சமயம் மட்டுமே போதிக்கும் இடத்துக்கு இதில் விலக்கு உண்டு. ஆக, ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு இந்த வலைக்குள் வராது. அதே மண்டபத்தில், அதே பாயில் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் படித்தால் நிலைமை வேறு. கோயிலுக்குள் நடப்பதால் எல்லாம் கோயில் காரியம் ஆகிவிடாது.

சுலபமான வழி, ஏற்கெனவே பதிவு பெற்ற டியூஷன் நிலையத்தோடோ தமிழ்ப்பள்ளியோடோ சேர்ந்து நடத்துவது. தமிழ்ப்பள்ளி என்றால் தலைமையாசிரியர் தன்னிச்சையாகச் சரி சொல்ல முடியாது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும், தேவைப்பட்டால் மாநிலக் கல்வி இலாகாவுக்கும். அவர் தயங்கினால் அதைப் பிகு என்று நினைக்கக்கூடாது. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது என்பதையும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சொல்லிவிடுங்கள். பள்ளி ஆண்டு வேறு மாதத்தில் தொடங்கிய இடைப்பட்ட ஆண்டுகளின் நாள்காட்டியைப் பார்த்துத் திட்டம் போட்டால், வந்து இறங்கும்போது பள்ளி பூட்டியிருக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி நம்மிடையே போதுமான பேச்சு இல்லை. நம் உறவுக்காரப் பையன், நன்றாகப் படித்தவன் என்பதெல்லாம் சரிபார்ப்பு ஆகாது. சொந்த நாட்டிலிருந்து காவல்துறை நற்சான்றிதழ் வாங்கி வரச் சொல்லுங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் பிள்ளைகளோடு பணியாற்றுபவர்களிடம் அதைக் கேட்பது சாதாரண நடைமுறை. வகுப்பில் எப்போதும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தனியே ஒரு பிள்ளையை மோட்டாரில் ஏற்றிப் போவது, பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடுவது இரண்டும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென 2017-இல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. ஆசிரியர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதல் தண்டனை. இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளும் தொண்டூழியர் வராமலிருப்பதே நல்லது.

தோட்டம் தனியார் நிலம்

வெளிநாட்டிலிருந்து வருபவருக்குத் தோட்டம் என்றால் ஒரு கிராமம் மாதிரி தோன்றும். கோயில், பள்ளி, திடல், லயன் வீடுகள், ஒரு மளிகைக்கடை. நம்மில் பலருக்கும் அப்படித்தான், தாத்தா காலத்திலிருந்து இருந்த இடம். சட்டப்படி அது நிறுவனத்தின் நிலம். வாயிலில் காவலர் இருப்பார், வருபவர் பெயர் எழுத வேண்டும், நிர்வாகி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

காலியாகக் கிடக்கும் லயன் வீட்டில் தொண்டூழியரைத் தங்கவைக்கலாம் என்ற யோசனையும் இதனாலேயே சரிவராது. அந்த வீடு வேலையோடு சேர்ந்து தரப்படுவது. தொழிலாளர் தங்குமிடங்களுக்கு 446-ஆம் சட்டத்தின்படி தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். அங்கே தோட்டத்தில் வேலை செய்யாத வெளிநாட்டவர் தங்கியிருப்பது நிர்வாகத்துக்கும் தலைவலி, அவரைக் கூட்டி வந்த மண்டோருக்கும் (மேற்பார்வையாளருக்கும்) தலைவலி. பட்டணத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) உறவினர் வீட்டில் இருந்துகொண்டு, பகலில் போய் வருவதே ஒழுங்கு.

இதைவிட முக்கியமான ஒன்று. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புக்குப் போகும்போது, காலமெல்லாம் உழைத்த குடும்பங்கள் வெளியேற்றப்படுவதும், அவர்கள் வாயிலில் பதாகை பிடித்து நிற்பதும் நாம் பார்த்துவரும் நிகழ்ச்சிகள். தொண்டு மனமுள்ள பிள்ளை அதைப் பார்த்தால் தானும் போய் நிற்கத்தான் விரும்பும். 2012 அமைதிப் பேரணிச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. குடிமகன் அல்லாதவர் கலந்துகொள்வது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம். போராடுபவர்களுக்கும் அதனால் கெடுதல்தான்; 'அந்நியர் தூண்டுதல்' என்று மறுநாளே திருப்பிவிட ஓர் ஆயுதம் கிடைத்துவிடும். விலகி நிற்பதுதான் அங்கே அவர் செய்யக்கூடிய உதவி.

சமயப் பேச்சிலும் கவனம் தேவை. இன்றைய தோட்டத்தில் வேலை செய்பவர்களில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நிறையப் பேர். முஸ்லிம்களிடம் பிற சமயத்தைப் பரப்புவதைத் தடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன, பேராக்கிலும் உண்டு. ஒரு துண்டுப் பிரசுரம் போதும் வழக்காவதற்கு.

வந்து இறங்கியபின்

வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். இலவசம். இதற்குக் காசு கேட்கும் பக்கங்கள் எல்லாம் இடைத்தரகர்களே, சில சுத்த மோசடி. கைப்பேசி சிம் அட்டைக்குக் கடப்பிதழைக் காட்டிப் பதிய வேண்டும். வேறொருவர் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த எண்ணில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பெயர் கொடுத்தவர்.

வருகை அனுமதியில் இருப்பவருக்கு வங்கிக் கணக்கு திறப்பது கடினம். மின்பணப்பை ஒன்றைக் கடப்பிதழ் எண்ணோடு பதிந்து, கொஞ்சம் ரொக்கமும் வைத்திருந்தால் காலம் ஓடும். தோட்டத்து மளிகைக்கடையில் கியூஆர் குறியீடும் ஒட்டியிருக்கும், பக்கத்திலேயே கடன் எழுதும் 555 புத்தகமும் தொங்கும். பின்னதில் தொண்டூழியர் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் கடமை.

போக்குவரத்துதான் உண்மையான தொல்லை. சுங்கை சிப்புட்டுக்கு ரயில் உண்டு, ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் பட்டணத்திலிருந்து உள்தோட்டத்துக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. கிராப் வண்டியும் சாயங்காலத்துக்குமேல் சந்தேகம். "நம்ம கப்சாய் சும்மாதானே நிற்கிறது, எடுத்துக்கொள்" என்று சின்ன மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொடுத்துவிடுவோம். வந்தவரிடம் இருப்பது கார் உரிமம் மட்டும் என்றால் மோட்டார் ஓட்ட அது செல்லாது. உரிமமில்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைவிரிக்கும். பயணக் காப்பீட்டிலும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். செம்பனை லாரிகள் ஓடும் சாலையில் இது கற்பனைப் பயம் இல்லை. அப்புறம், 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின்படி ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்பது குடிமக்களுக்கான விலை. நம் மைகார்டை (அடையாள அட்டையை) கொடுத்து வெளிநாட்டவர் வண்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

மருத்துவம். அரசாங்க கிளினிக்கில் நாம் ஒரு வெள்ளி கொடுத்து வெளியே வருவோம்; வெளிநாட்டவருக்குத் தனிக்கட்டணம், பல மடங்கு அதிகம். மருத்துவமனையில் படுக்க வேண்டுமென்றால் வைப்புத்தொகை கேட்பார்கள். சுங்கை சிப்புட் மருத்துவமனையில் சமாளிக்க முடியாததை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். டிங்கிக் காய்ச்சல் எந்த மாதத்திலும் வரும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் தோட்டப்புறத்தில் புதிதில்லை. ஆற்றில் குளித்துவிட்டு வந்த பிறகு காய்ச்சல் கண்டால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை மருத்துவர் சீட்டோடு, அசல் பெட்டியிலேயே கொண்டுவரட்டும். கனடாவில் கஞ்சா 2018 முதல் சட்டப்படி விற்பனையில் இருக்கிறது. அதில் செய்த மிட்டாய் பையில் மறந்து கிடந்தாலும் இங்கே 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம்தான் பேசும். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதால் அந்தச் சட்டம் பல்லில்லாதது ஆகிவிடவில்லை.

இங்கேயே பிறந்தவர் என்றால்?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, வெளிநாடு போய், அங்கே குடியுரிமை எடுத்துக்கொண்டவர்கள் "எனக்கென்ன அனுமதி" என்று கேட்பதுண்டு. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனடாக் கடப்பிதழில் வந்தால் அவரும் 90 நாள் வருகையாளரே. மலேசியரை மணந்து வருபவர்களுக்கு நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்று தனி வழி இருக்கிறது. அதில் வேலை செய்ய, குடிநுழைவுத் துறையின் தனி ஒப்புதலை அனுமதியிலேயே பதிந்து வாங்க வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழ் வேலை அனுமதி ஆகாது.

அழைக்க நினைக்கும் நிர்வாகம் செய்ய வேண்டியது

1. முதலில் தன் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆலயமோ இயக்கமோ சங்கப் பதிவிலாகாவில் பதிவாகியிருக்கிறதா, ஆண்டறிக்கை ஒழுங்காகப் போயிருக்கிறதா? மூன்றாண்டாகக் கூட்டமே நடத்தாத சங்கம் யாருக்கும் ஆதரவாளராக நிற்க முடியாது.

2. வருபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்: வேலை, இடம், நாள், நேரம், தங்குமிடம், செலவை ஏற்பவர், இங்கே பொறுப்பாளர். எழுத உட்கார்ந்தாலே பாதித் திட்டங்கள் எவ்வளவு மேலோட்டமானவை என்று தெரிந்துவிடும்.

3. அந்தத் தாளோடு ஈப்போவிலுள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் எந்த அனுமதி பொருந்தும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். முகப்பில் இருந்தவர் "பரவாயில்லை" என்று வாயால் சொன்னது சோதனையின்போது உதவாது. வந்து இறங்கியபின் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் விமானச்சீட்டு வாங்கக்கூடாது.

4. கால அவகாசம் போதாவிட்டால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். அந்தப் பிள்ளை விருந்தாளியாக வந்து, சொந்தங்களோடு தங்கி, திருவிழா பார்த்து, இங்குள்ள ஆசிரியர்களோடு பேசிப் பழகிப் போகட்டும். பாடத்தை ஊருக்குத் திரும்பியபின் இணையம் வழியாக நடத்தலாம். டொரொண்டோவில் உட்கார்ந்து கற்பிப்பவருக்கு மலேசிய பாஸ் தேவையில்லை. மண்டபத்தில் நல்ல வைஃபை, ஒரு திரை, கூட இருக்க ஓர் உள்ளூர் ஆசிரியர், இவ்வளவுதான் செலவு. நேர வித்தியாசம் பன்னிரண்டு மணி, கோடையில், குளிர்காலத்தில் பதின்மூன்று. இங்கே இரவு எட்டு மணி வகுப்பு என்றால் அங்கே காலை எட்டோ ஏழோ.

5. நன்கொடை திரட்டி நடத்தும் எண்ணமிருந்தால் பொது வசூலுக்கும் அனுமதி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. உண்டியலைத் தொண்டூழியர் கையில் கொடுத்துக் கடைத்தெருவில் நிறுத்துவது, மேலே சொன்ன எல்லாச் சிக்கலையும் ஒரே நாளில் வரவழைப்பதற்குச் சமம்.

6. ஏதாவது நடந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். கோலாலம்பூரிலுள்ள அவரவர் நாட்டுத் தூதரக எண், ஒரு வழக்கறிஞர் எண், காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண். மூன்றையும் வந்தவரும் வீட்டுக்காரரும் தாளில் எழுதி வைத்திருக்கட்டும். தடுத்துவைக்கப்படும்போது கைப்பேசியை முதலில் வாங்கிக்கொள்வார்கள்.